ரசீது இல்லாத மரம்

ஆகஸ்ட் கடைசியில் அடித்த புயல்
குளியலறைக் கூரையைப் பெயர்த்து
பக்கத்துப் பண்ணையின் குதிரைகளுக்கு நடுவே
வைத்துவிட்டுப் போயிற்று.
குதிரைகள் கொஞ்சம் தள்ளி நின்று மேய்ந்தன.

வேண்டியதை எழுதினேன்:
பதினான்கு கைமரம், ஓர் உத்திரம்,
ஆறு மூட்டை சிமெண்ட்,
துருப்பிடிக்காத ஆணி மூன்று கிலோ.
காகிதத்தில் எல்லாம் சின்ன விஷயமாகத்தான் இருந்தது.

ரெய்க்யவிக்கின் பெரிய கடைக்காரன்
போனில் தேனாக ஒழுகினான்.
நாளை மறுநாள் என்றான்.
பதினோராம் நாள் லாரி வந்தது.
மலைப்பாதையில் காற்று என்றான் ஓட்டுநர்.
அதை நம்பினேன், காற்றை எனக்குத் தெரியும்.
கட்டவிழ்த்துப் பரப்பினால்
ஒரு மரமாவது தரையோடு படுக்க வேண்டுமே!
அத்தனையும் வில்.
ஒட்டார் ஒன்றின்மேல் ஏறி நின்று
ஊஞ்சல் மாதிரி ஆடினான். எட்டு வயது,
அவனுக்கு மட்டும் சரக்கு பிடித்திருந்தது.

“ஈரக்காற்று பட்டிருக்கும் மேடம்.”
இந்தத் தீவில்
வேறு காற்றும் விற்கிறார்களா என்று கேட்டேன்.
அதற்குப் பிறகு அவன் போனை எடுப்பதில்லை.

ஹோல்மவீக் கூட்டுறவுக் கடையில்
சிமெண்ட் மூட்டையைத் தட்டினேன்,
மூட்டை என் விரலைத் திருப்பித் தட்டியது.
கல்லாவிலிருந்த ஸ்டெய்ன்வோர்
முதலாளி பின்பக்கம் போகும்வரை காத்திருந்து
“அதை எடுக்காதீங்க, கல்லாப் போச்சு.
வியாழக்கிழமை புதுசு வரும்” என்றாள்.
அவள் எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதினேன்,
பல் டாக்டர் எண்ணுக்கு மேலே.

மரத்துக்கு என்ன செய்வது?
நாற்பது கிலோமீட்டருக்கு நிழல்தரும் மரம் ஒன்றில்லை எங்கள் பக்கம்.
புதர் என் முழங்காலுக்கு மேல் வளர யோசிக்கும்.

ஹால்ப்யோர்னிடம் போனேன்.
கரை அவனுடையது,
எனவே கடல் ஒதுக்குவதும் அவனுடையது,
சட்டம் அப்படி.
சைபீரிய ஆறுகளிலிருந்து நழுவி
வருஷக்கணக்காகப் பனிக்கட்டியோடு அலைந்து
அவன் காலடிக்கு வந்து சேரும் லார்ச் மரங்கள்,
வெளுத்துப்போய், திமிங்கல எலும்பு போல.

எனக்கு ஒன்று பிடித்துப்போயிற்று, நேராக, தூண் மாதிரி.
சுத்தியல் பின்புறத்தால் தட்டினான்,
காதை வைத்தான்.
“அழகுதான். உள்ளே கப்பல்புழு குடித்தனம் நடத்துது.”
அடுத்தது. அதுவும் வேண்டாம்.
மூன்றாவதற்கு உதட்டை மட்டும் பிதுக்கினான்.
விற்க வந்தவனா, விரட்ட வந்தவனா
என்று நான் நினைக்கத் தொடங்கியபோது
நாலாவது மரம் கணீரென்றது.

விலை:
ரம்பத்துக்கு டீசல்,
ஆடுகளை மலையிலிருந்து இறக்க இரண்டு நாள் என் கால்கள்,
ஒட்டார் வந்தால் பாதி ஆளாகக் கணக்கு.
பழக்கதோஷத்தில் ரசீது கேட்டேன்.
“கடல் எனக்குக் கொடுத்தால்
உனக்கு நகல் எடுத்துத் தருகிறேன்.”

அறுக்கும்போதுதான் பார்த்தோம்:
அடிப்பக்கம் கோடரியால் கொத்திய குறி,
ஓர் ஏழு,
எனக்கு வாசிக்கத் தெரியாத இரண்டு எழுத்து.
வெட்டிவிடவா என்றான்.
இருக்கட்டும் என்றேன், ஏன் என்று தெரியாமல்.
எட்டுக்கும் ஆறுக்கும் நடுவே
எந்த ஆற்றங்கரையில்
எவன் விரல் மடக்கித் தடுமாறினானோ.

வளைந்த பலகைகள் திரும்பிப் போகவில்லை.
கால்வாய்மேல் ஒட்டார் பாலம் போட்டிருக்கிறான்,
வளைவு அதற்கு வாகாக இருக்கிறதாம்.
பில் இன்னும் மேசை இழுப்பறையில்.

இப்போது வெந்நீர்த் தொட்டியில் படுத்தால்
ஏழாம் எண் நேர் மேலே.
முதல் வாரம், ஆவி நிறைந்த அறையில்,
உத்திரத்திலிருந்து ஒரு சொட்டு
உதட்டில் விழுந்தது.
போச்சு, ஒழுகுகிறது என்று எழுந்து உட்கார்ந்தேன்.
நக்கிப் பார்த்தேன்.

மழை உப்புக் கரிக்காது.
மறுபடி படுத்துக்கொண்டேன்.